ருவைஸ் ரவுட்டரின் மூளை கீழக்கரைக்குப் போன விபரம்

786

ருவைஸ் கேம்ப்,
நவம்பர் 1997, வியாழக்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மச்சான் ஹசன் அலி அவர்களுக்கு, தங்கள் தங்கை ஷம்சியாவின் கணவன் செய்கு அலாவுதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் நலமா இல்லையா என்பது இப்போது தங்கள் வீட்டு முன்கூடத்தில், கார்கோவில் நான் அனுப்பிய பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே மாமியின் மூட்டுவலி, ராத்தாவின் பிரஷர், பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் கடைசியில் விசாரிக்கிறேன். தாங்கள் தயவுசெய்து இந்த வரியோடு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் தள்ளி நிற்கச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பிடுங்கியாயிற்றா? அல்ஹம்துலில்லாஹ். இப்போது உட்காருங்கள். இதைக் கொண்டுவந்திருப்பவர் நாகலிங்கம், என் ரூம்காரர், முதுகுளத்தூர்ப் பக்கம், இங்கே சாரம் கட்டும் வேலை. தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் வருகிறார். அவர் திரும்பும்போது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். போனில் சொல்லத்தான் பார்த்தேன். எதிர்வீட்டுக்குப் போட்டேன். அந்தம்மா, "ஹசன் அலி கடைத்தெருவுக்குப் போயிருக்காஹ, விஷயத்தைச் சொல்லுங்க வாப்பா, நான் சொல்லிர்றேன்" என்றார்கள். ரவுட்டர் என்று ஆரம்பித்தேன். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவர்கள் பதற, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று நான் விளக்க, தங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு ஏதோ ஆபரேஷன் என்று அவர்கள் புரிந்துகொண்ட அளவில் போன் கார்டு தீர்ந்துவிட்டது. அப்படி ஏதாவது செய்தி ஊரில் பரவியிருந்தால் நம்ப வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றப் போகிறேன், ஒரே ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தால் போதும், மறுநாளே போர்டு மாட்டிவிடுவேன் என்று ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி எழுதியிருந்தீர்கள். மச்சான் ஒன்று கேட்டு நான் இல்லை என்பேனா? எங்கள் சைட் ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. திரை இல்லை, கீபோர்டு இல்லை, ஆள் யாரும் அதன் முன்னால் உட்கார்ந்ததும் இல்லை. ஒரு பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா உறுமிக்கொண்டிருந்தது. கம்பெனியில் எது சும்மா கிடந்தாலும் ஊருக்குப் பெட்டி கட்டுகிறவன் கேட்டு வாங்கிக்கொள்வது இங்கே வழக்கம்தானே. மேனேஜரிடம் கேட்டேன். எங்கள் மேனேஜர் லெபனான்காரர், நல்ல மனிதர், கோபம் மட்டும் வாசலுக்கு முன்பே வந்து நிற்கும். தலையைத் தூக்காமலே, "கலாஸ், கொண்டு போ, அந்தச் சத்தமாவது ஒழியட்டும்" என்றார். ஆக நான் திருடவில்லை, மறைக்கவில்லை, அனுமதி வாங்கித்தான் எடுத்தேன். இதைத் தாங்கள் ஷம்சியாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆபீஸ் அதன் பாட்டுக்கு ஓடியது. மாமிக்கு வாங்கிய கம்பளியில் சுற்றி, சுற்றிலும் நீடோ பால்பவுடர் டின்னும் டாங்கும் கோடாலித் தைலமும் அடைத்து, நீலக் கயிறு போட்டு, நாலு பக்கமும் தங்கள் பெயரை எழுதி, கப்பலில் ஏற்றினேன். அது மெட்ராஸ் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்து, போன வாரம்தான் தங்கள் வீடு வந்து சேர்ந்தது.

பெட்டி தங்கள் வாசலில் இறங்கிய அதே வாரம் இங்கே டிரான்ஸ்பார்மர் வேலைக்காகக் கேம்ப் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். கரண்டு வந்ததும் ஏ.சி. ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது, ஜெராக்ஸ்கூட ஓடியது, அபுதாபி ஹெட் ஆபீஸுக்குப் போகும் லைன் மட்டும் வரவில்லை. அந்த லைனை இழுத்துக்கொண்டு போவது ரவுட்டர் என்கிற ஒரு தகரப் பெட்டி. பார்க்க வி.சி.ஆர். மாதிரி இருக்கும், ஆனால் படம் ஓடாது. இங்கிருந்து போகும் செய்தி எல்லாம் அதன் வழியாகத்தான் அபுதாபி போகும், பதிலும் அதன் வழியாகத்தான் வரும். மேனேஜர் ரவுட்டரை ஒரு தட்டுத் தட்டினார். நான் பக்கத்தில் நின்று பிஸ்மி சொன்னேன். இரண்டுக்கும் அது அசையவில்லை. மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து சேதுமாதவன் என்ற என்ஜினியரை அனுப்பினார்கள். பாலக்காட்டுக்காரர், தங்கமான பிள்ளை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு லேப்டாப்பை ரவுட்டரில் சொருகிவிட்டுக் கரண்டை அணைத்துப் போட்டார். மச்சான், அப்புறம் நான் பார்த்த காட்சி இருக்கிறதே, நம் இனத்தில் இதைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்!

ரவுட்டர் தூங்கி எழுந்தால் தான் யார் என்றே அதற்குத் தெரியாதாம். தெரியுமா தங்களுக்கு? எனக்கும் அன்றுவரை தெரியாது. அதை வேலை செய்யவைக்கும் பெரிய புரோகிராம் ஒன்று இருக்கிறது, ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்கள். கரண்டு போனால் அது ஞாபகத்திலிருந்து அழிந்துபோகும், கரண்டு வந்ததும் எங்கேயாவது தேடிப் பிடித்து மறுபடியும் தலைக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் தேடல் இருக்கிறதே, அடடா! முதலில் பிறவியிலேயே பதித்த ஒரு குட்டிப் புத்தி எழுந்து, கை இருக்கிறதா கால் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. பிறகு உள்ளே வைத்திருக்கும் ஓர் எண்ணைப் பார்க்கிறது. அந்த எண் சொல்கிறபடி, கரண்டு போனாலும் அழியாத இன்னொரு மூலையில் எழுதிவைத்த உத்தரவை எடுத்து வாசிக்கிறது. முதலில் இந்த இடத்தில் கேள், கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் பார் என்று அதில் வரிசையாக இருக்கும். நான் முதல்முதலாக அபுதாபி ஏர்போர்ட்டில் இறங்கியபோது சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்ததே, முதலில் விசா கொடுத்த கபீல் அனுப்பும் ஆளைப் பார், அவன் வராவிட்டால் நம்ம ஊர்க்காரர் கடைக்குப் போ, கடை சாத்தியிருந்தால் பள்ளிவாசலில் படுத்துக்கொள் என்று, அதேதான் மச்சான்! சேதுமாதவனிடம் இதைச் சொன்னேன். "சரிதான் ஷேக்கே, அந்தச் சீட்டைத்தான் இப்போ படிச்சிட்டிருக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சீட்டில் முதல் வரி, நெட்வொர்க்கில் இருக்கும் இன்ன கம்ப்யூட்டரிடம் போய் ஃபைலை வாங்கிக்கொள் என்று இருந்தது. ரவுட்டர் போய்க் கேட்டது. பதில் இல்லை. கேட்கக் கேட்கத் திரையில் ஒரு புள்ளி வைக்கிறது, இன்னொரு புள்ளி வைக்கிறது, புள்ளி புள்ளியாக நீண்டுகொண்டே போகிறது. "ஃபைல் வந்தா ஆச்சரியக்குறியா விழும் ஷேக்கே, திரை பூரா விழும். வராட்டி இப்படிப் புள்ளிதான்" என்றார் சேதுமாதவன். சந்தோஷம் வந்தால் ஆச்சரியக்குறி போடும் மெஷினைப் பற்றி நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்! அந்த இடத்தில் கிடைக்காமல் அது தன் சொந்தப் பையைத் துழாவியது. ஃபிளாஷ் என்று பெயர், வழக்கமாக ஃபைலை அதில்தான் வைத்திருப்பார்களாம். பை காலி. அப்புறம் செய்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆபீஸில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரையும் பார்த்து, "யாராவது என் ஃபைலை வைத்திருக்கிறீர்களா?" என்று பொதுவில் கூவிக் கேட்டது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை. மறுபடியும் புள்ளி. கடைசியில் பிறவிப் புத்தியில் இருக்கும் அரைகுறைப் புரோகிராமை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. உட்காரும், ஆனால் லைனை இழுக்காது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. யார் பெற்ற பிள்ளையோ என்று இருந்தது.

"ஃபிளாஷ் ஏன் காலி? எந்தக் கம்ப்யூட்டர் இது?" என்று சேதுமாதவன் தலையைப் பிய்த்துக்கொண்டார். முன்பு இங்கே இருந்த என்ஜினியர் இப்போது சவூதியில் யான்புவில் இருக்கிறார். அவருக்கு ஸ்பீக்கர் போட்டுப் போன் செய்தார்கள். மேனேஜர், சேதுமாதவன், டீ தட்டோடு நான். அந்த மனிதர் ரொம்பச் சாவகாசமாகச் சொன்னார்: "ஆமா, புதுசா வந்த ஃபைல் பெருசா இருந்துச்சு, ஃபிளாஷ்ல இடம் பத்தலை. அழிச்சிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டர்ல வச்சு, அங்கேருந்து எடுத்துக்கச் சொல்லி ரவுட்டர்ல எழுதி வச்சேன். டெம்பரரியாத்தான். மூலையில இருக்குமே, ஜெராக்ஸுக்குப் பின்னாடி. மானிட்டர் இருக்காது. பச்சை லைட் எரியும்." மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே நான் ஆசையாக வாங்கி வைத்த வாட்டர் கூலர் நின்றது.

மச்சான், அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை, தப்பான நேரத்தில் அதைக் கேட்டும் விட்டேன். "நான் பிளக்கைப் பிடுங்கினப்பவே ஏன் சார் நிக்கலை? அப்புறம் இத்தனை மாசம் எப்படி ஓடுச்சு?" என்றேன். சேதுமாதவன் பாவம், நல்ல ஆசிரியர் மாதிரி, "அப்போ ஃபைல் அதோட தலைக்குள்ள ஏறி இருந்துச்சு ஷேக்கே. எழுந்திருக்கும்போதுதான் அந்தக் கம்ப்யூட்டர் வேணும். கரண்டு போய் வந்த பிறகுதான் தேடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, "நீங்க பிடுங்கினீங்களா?" என்றார். மேனேஜர் எழுந்து நின்றார். "ஷேக்! கம்ப்யூட்டர் கிதர்?" என்று கேட்டார். கீழக்கரையில் என்றேன். கீழக்கரை எந்த பிளாக்கில் இருக்கிறது என்று கேட்டார். இந்தியாவில் என்றேன். அதற்குப் பிறகு அவர் அரபியில் பேசியது எனக்கு விளங்கவில்லை. தாங்கள்தானே ஐயா கொண்டுபோகச் சொன்னீர்கள் என்று நான் நினைவுபடுத்தியதும் சத்தம் இன்னும் கூடியது.

துபாய் ஏஜெண்டிடம் ஃபைல் கேட்டார்கள். காண்டிராக்ட் முடிந்துபோயிற்று, புதுப்பித்தால்தான் தருவோம், புதுப்பிக்க வேண்டியவர் லீவில் போயிருக்கிறார் என்கிறார்கள். ஹெட் ஆபீஸ் ரவுட்டர் வேறு ஜாதியாம், அதன் ஃபைல் இதற்கு ஒத்துவராது. யான்புக்காரரிடம் நகல் இல்லை. ஆக, இந்தப் பாரசீக வளைகுடாவில் எங்கள் ரவுட்டருக்குக் கிடைக்காத புத்தி, கீழக்கரையில் கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறது.

இதில் எனக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். தங்கள் தங்கையின் வாழ்க்கையே இதில் இருக்கிறது. நான் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். ஆனால் கம்பெனி பேப்பரில் இன்றுவரை பேச்சிலர். குடும்பத்தைக் கூட்டிவர ஃபேமிலி ஸ்டேட்டஸ் கேட்டு எழுதும்போதெல்லாம் இந்த ரவுட்டர் வழியாகத்தான் பேப்பர் போகும், டீ ஆறுவதற்குள் "பேச்சிலராகவே தொடரவும்" என்று பதில் வந்து விழும். மகள் நஜீஹா போன தடவை பேசி அனுப்பிய கேசட்டில் என்ன கேட்டாள் தெரியுமா? "வாப்பா, உங்க மொகம் எந்தப் பக்கம் இருக்கு, ஏ சைடா பி சைடா?" என்று கேட்கிறாள். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். இந்த முறை குவார்ட்டர்ஸில் ஒரு வீடு காலியாகிறது. மேனேஜரே சிபாரிசு எழுதி வைத்திருந்தார். மாத முடிவுக்குள் அது அபுதாபி போய்ச் சேராவிட்டால் வீடு வேறு யாருக்காவது போய்விடும். நோன்புக்கு முன்னால் அவர்கள் இருவரையும் இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று இருந்தேன். கம்ப்யூட்டர் கீழக்கரையில் என்று தெரிந்ததும் மேனேஜர் அந்தப் பேப்பரை எடுத்து என் கண்ணெதிரே டிராயருக்குள் போட்டு, "மாஃபி லைன், மாஃபி விசா!" என்று பூட்டிவிட்டார். லைன் இல்லையா, விசாவும் இல்லை.

ஆகவே மச்சான், தாங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு திரையை மாட்டிப் பார்த்தால் படமோ பூவோ ஒன்றும் இருக்காது, கறுப்புத் திரையில் நாலைந்து எழுத்துதான் இருக்கும். கெட்டுப்போயிற்று என்று நினைத்து யாரையும் சுத்தம் செய்ய விடாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த பையன் திரையும் கீபோர்டும் கொண்டு வருவான், பழையதை எல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவான் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பையனைப் படியேற விடாதீர்கள். ஏற்கனவே வந்துவிட்டானா? வந்திருந்தால் எனக்கு எழுத வேண்டாம், நான் தாங்க மாட்டேன். மெதுவாக மூடியைக் கழற்றி, உள்ளே கனமான சோப்புக்கட்டி அளவில் இருப்பதை எடுத்து, பழைய துணியில் சுற்றி நாகலிங்கத்திடம் கொடுங்கள். கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டாம் என்று மாமியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சென்டர் திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் அடித்தாயிற்று, "அமீரகத்திலிருந்து நேரடியாக வரவழைக்கப்பட்ட கம்ப்யூட்டர்" என்று போட்டிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். விழாவை நிறுத்த வேண்டாம். டிஸ்க் இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும், உறுமும். முதல் மாதம் பிள்ளைகளுக்கு அது போதும். வேறு டிஸ்க் நான் வாங்கி அனுப்புகிறேன், இது என் வாக்கு.

தங்கள் தொழில் எனக்குப் பெரிதில்லை என்று நினைக்காதீர்கள். தங்கள் போர்டு மேலே ஏறுவதை நேரில் நின்று பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஷம்சியா தங்கள் கூடப்பிறந்தவள். அவளுக்காக இதைச் செய்யுங்கள். மாமிக்கு ஸலாம், கம்பளி பிடித்திருக்கிறதா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். ராத்தா உப்பைக் குறைக்கட்டும். பிள்ளைகள் ஐவேளைத் தொழுகையையும் கணக்குப் பாடத்தையும் விட்டுவிட வேண்டாம். எதிர்வீட்டு அம்மாவிடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும், முடிந்தால் இந்த ரவுட்டருக்கும், நல்ல வழியைக் காட்டுவானாக. ஆமீன்.

துஆவை நாடும்,
மாப்பிள்ளை,
செய்கு அலாவுதீன்.

பின்குறிப்பு: மச்சான்! மச்சான்! உறையை ஒட்டிவிட்டேன், இதை எழுதத்தான் பிரித்தேன். டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள்! கழற்றியிருந்தால் மாட்டிவிடுங்கள். மேலே எழுதியது அத்தனையும் ரத்து.

மத்தியானம் அபுதாபியிலிருந்து மேனேஜருக்குப் போன். லைன் சரியாகும்வரை சைட் விஷயம் எதற்கும் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாப் பேப்பரிலும் நீங்களே கையெழுத்துப் போட்டு முடியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாற்காலி உடைந்தால்கூட அபுதாபியைக் கேட்டு அபுதாபியைக் கேட்டே தலை நரைத்த மனிதர் அவர். போனை வைத்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். அதற்குப் பிறகு மூடவே இல்லை! மெஸ்ஸுக்குப் புது அடுப்பு, கையெழுத்து. டிரைவர்களுக்கு ஓவர்டைம், கையெழுத்து. நாகலிங்கத்துக்கு இன்னும் ஒரு மாதம் லீவு, கையெழுத்து. ஆகவே நாகலிங்கம் தங்களிடம் டிஸ்க் கேட்க மாட்டார், டீ மட்டும் குடிப்பார். நான் டீயோடு உள்ளே போனேன். டிராயரைத் திறந்து, "ஷேக், யல்லா, ஜல்தி, பீவி கா நாம் போலோ!" என்றார். பெண்டாட்டி பெயர் கேட்கிறார் மச்சான்! ஷம்சியா என்று சொன்னேன். ஸ்பெல்லிங் எழுதிக் கொடுத்தேன். சீல் வைத்தார். நான் பேச்சிலர் இல்லை மச்சான், சீல் வைத்த பேப்பர் இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது!

வெளியே வந்தால் சேதுமாதவன், தன் மனைவி நீலாவின் பாஸ்போர்ட் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார். ரவுட்டர் என்ன ஆயிற்று சார் என்று கேட்டேன். "தேடட்டும் ஷேக்கே, நல்லாத் தேடட்டும். இந்த மாதிரி வேலையில அவசரப்படக் கூடாது" என்றார். துபாய் ஏஜெண்ட் ஃபைலோடு நாளை காலை வருகிறேன் என்று போன் செய்தானாம், பெருநாளுக்குப் பிறகு வந்தால் போதும் என்று இவர்தான் சொல்லியிருக்கிறார்.

ஷம்சியாவைப் பெட்டி கட்டச் சொல்லுங்கள். அவளுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை, இந்த ஒரு விஷயத்தைத் தாங்களே சொல்லிவிடுங்கள். ராமநாதபுரத்துப் பையனை இன்றே வரவழையுங்கள். பிளக்கைச் சொருகி, அந்த டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் ஒரு புள்ளி மிச்சமில்லாமல் அழித்துவிடச் சொல்லுங்கள். அழிப்பது எப்படி என்பதையே சென்டரின் முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளும் சுற்றி நின்று பார்க்கட்டும்.